பாலிஷ் போட்டால் பாதி விலை!

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகரம் ஹார்ட்ஃபோர்டு. ஊருக்குள் நுழையும்போதே நெடுஞ்சாலை ஓரம் ஓர் அதிசயம் தெரியும். பழைய செங்கல் கட்டடத்தின் தலையில் வெங்காய வடிவத்தில் ஒரு நீலக் கோபுரம். அதில் தங்க நட்சத்திரங்கள். உச்சியில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரு குதிரைக் குட்டி.

"ஏதாவது கோயிலாம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

"துப்பாக்கி ஃபாக்டரிப்பா!"

நான் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்ததெல்லாம் நம்ம ஊர் பாங்க் வாசலில்தான். அதுவும் வாட்ச்மேன் தூங்கும்போது!

ஃபாக்டரியைக் கட்டியவர் சாமுவேல் கோல்ட். சுழல் துப்பாக்கியை உலகத்துக்குப் பழக்கிவிட்ட ஆசாமி. 1830-ல், பதினாறு வயசில், கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில்தான் மரத்தில் ரிவால்வர் மாதிரி செதுக்கினார் என்று கதை உண்டு. 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை. 1862-ல், 47 வயசில், போய்ச் சேர்ந்துவிட்டார். ரெண்டு வருஷத்தில் ஃபாக்டரியும் எரிந்தது. விதவை எலிசபெத் அசரவில்லை. நீலக் கோபுரத்தோடு சேர்த்துத் திரும்பக் கட்டினார். இப்போது அந்த வளாகத்தில் ஜனங்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அன்றைக்கு எங்களோடு காரில் இருந்தவர் மகளின் பக்கத்து வீட்டு அம்மாள். எண்பதை நெருங்கும் வயசு. கணவர் இல்லை. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும். மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் கணவரின் தாத்தா காலத்து கோல்ட் ரிவால்வர். 1873-ல் அறிமுகமாகி, கௌபாய் படங்களில் ஹீரோக்கள் இடுப்பில் தொங்குமே, அதே ரகம். டெக்ஸாஸ் ஷெரீஃப் ஒருத்தர் வைத்திருந்தது என்று குடும்பத்தில் பேச்சு. விலை மதிப்பவரிடம் காட்டத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

சின்னக் கடை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய பெரியவர் முதலில் குண்டு இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். (நான் அதற்கு முன்பே ரெண்டு அடி பின்னால் போயிருந்தேன்!) பிறகு அடிப்பக்கம் திருப்பினார். மூன்று பாகங்களில் மூன்று நம்பர்கள். மூன்றும் ஒன்றே. "நல்லது, பாகம் எதையும் மாத்தலை" என்றார். நம்பரை வைத்துப் பார்த்தால் 1898-க்கு முந்தையது. அமெரிக்க மத்திய சட்டப்படி அது ஆன்டிக். அம்மாள் முகத்தில் சிரிப்பு.

அடுத்து, குழல் மேலிருந்த எழுத்துகளைத் தடவினார். ஓரங்கள் மழுங்கியிருந்தன. திருகாணி ஓட்டைகளைச் சுற்றிச் சின்னக் குழிவு. சாணை பிடித்ததற்கு அடையாளமாம். முகம் மாறிப்போனது.

"ஃபாக்டரி கடிதம் இருக்கா?"

இருந்தது. கோல்ட் கம்பெனி பழைய பேரேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நம்பரும் கட்டணமும் அனுப்பினால், அந்தத் துப்பாக்கி என்ன நிறத்தில், எந்தத் தேதியில், யாருக்குப் போனது என்று எழுதித் தருவார்கள். மகள் முன்பே வாங்கி வைத்திருந்தாள். பெரியவர் படித்தார். போய்ச் சேர்ந்த இடம் ஓர் இரும்புச் சாமான் வியாபாரி. ஷெரீஃபைக் காணோம். நிறம்: நீலம்.

கையில் இருந்ததோ வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்கும் நிக்கல்!

"பின்னால யாரோ முலாம் போட்டிருக்காங்க. பழைய மங்கலோட அப்படியே விட்டிருந்தா ஐயாயிரம் டாலருக்கு மேல போகும். இப்ப ரெண்டாயிரம் கிடைச்சா பெரிசு."

"ஷெரீஃப் கதை?" என்றேன் நான்.

"கதைக்கு யாரும் காசு தர்றதில்லை சார். காகிதத்துக்குத்தான் தருவாங்க."

நிஜம்தான். பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை 1881-ல் சுட்டுக் கொன்றார் ஷெரீஃப் பாட் காரெட். அந்தத் துப்பாக்கியும் கோல்ட்தான். 2021-ல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது கை மாறிய வழிக்கெல்லாம் சாட்சி இருந்தது.

அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "முலாம் போட்டது நான்தான்" என்றார். "அவரோட அறுபதாவது பிறந்த நாளுக்கு. துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. அவருக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய்ப் போட்டுக்கிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி அதைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபீஸ் வாங்கவில்லை.

என் மனைவி ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, எங்கள் பாட்டி காலத்து விளக்கில் பேரே அழிந்துவிட்டது. இனிமேல் அவளைக் கோபித்துக்கொள்வதாக இல்லை.

திரும்பும் வழியில் மறுபடி நீலக் கோபுரம். அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுவும் ஒரிஜினல் இல்லை, தெரியுமா? புருஷன் போனப்புறம் அவ திரும்பக் கட்டினது" என்றார்.

மகள் தயங்கித் தயங்கி, "விக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"கூரைக்கு பாங்க்ல கேட்டுப் பார்க்கறேன். இது பேரனுக்கு." பெட்டியை மூடி, கடிதத்தை மேலே வைத்தார். "ஷெரீஃப் கதை வேண்டாம். நிக்கல் கதையை எழுதி உள்ளே வெச்சுடணும். அதுக்குச் சாட்சி நான் இருக்கேன்."