கார்டு இருக்கு... நெஞ்சு டாக்டர் எங்கே?

‘‘அம்மா ராத்திரி பூரா உக்காந்தே இருக்கா பாப்பா. படுத்தா மூச்சு முட்டுதுங்குறா.’’

போன மார்கழியில் ஒரு நாள், காலை ஆறு மணிக்கு அப்பா போன் செய்து சொன்னது இது. எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில், திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன கிராமம். நான் சென்னையில் காலை ஷிஃப்ட்டுக்காக லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு புதிதல்ல. மூன்று வருடங்களாகப் பனிக்காலம் வந்தாலே இருமல், சளி, ‘வீசிங்’. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஓர் ஊசி, நான்கு நாள் மாத்திரை, ரொம்ப முடியவில்லை என்றால் நெபுலைசர். இரண்டு வாரம் நன்றாக இருப்பார். மறுபடியும் ஆரம்பித்துவிடும். அன்றும் நெபுலைசர் வைத்ததில் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அந்த டாக்டரே சொல்லிவிட்டார், ‘‘இனிமே நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டிருங்க.’’

‘‘நம்மகிட்டதான் காப்பீட்டுக் கார்டு இருக்கே, அஞ்சு லட்சம் வரைக்கும் ஃப்ரீயாமே’’ என்றார் அப்பா. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கார்டு அது. வி.ஏ.ஓ-விடம் அலைந்து வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுத்து வாங்கியது. அம்மா அதை பாலிதீன் கவரில் சுற்றி, பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் போனில் தேட ஆரம்பித்தேன். ‘நுரையீரல் நிபுணர்’ என்று போட்டால் மதுரையில் வரிசையாக வந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்டேன். ‘‘முதல்வர் காப்பீட்டுக் கார்டு எடுத்துப்பீங்களா?’’

ஓர் இடத்தில், ‘‘அட்மிட் ஆனாதான் கார்டு மேடம். ஓ.பி-க்கு செல்லாது. கன்சல்ட்டிங் 600 ரூபா’’ என்றார்கள். இன்னோர் இடத்தில், ‘‘எங்க ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கு. ஆனா எலும்புக்கும் கிட்னிக்கும்தான். நெஞ்சுக்கு இல்ல’’ என்றார்கள். மூன்றாவது இடத்தில் டாக்டர் வாரம் இரண்டு நாள் மாலையில் மட்டும் வருவாராம். கார்டு பற்றி வரவேற்பில் இருந்தவருக்கே தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். திட்டத்தின் இலவச எண்ணான 1800 425 3993-க்கு அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாக விளக்கினார். இந்தத் திட்டம் முக்கியமாக, மருத்துவமனையில் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கானது. குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும் பொருந்தும். ஆனால் வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்க்கும் ஃபீஸுக்கும், மாதாமாதம் வாங்கும் மருந்துக்கும் பொருந்தாது. தனியார் மருத்துவமனை பட்டியலில் இருந்தாலும், எந்தெந்தப் பிரிவுக்கு அனுமதி என்பது தனி.

போனை வைத்த பிறகு கோபம் என் மேலேயே திரும்பியது. டிஜிட்டல் டெஸ்க்கில் இந்தத் திட்டம் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். ‘ஐந்து லட்சம் வரை இலவச சிகிச்சை... விண்ணப்பிப்பது எப்படி?’ என்று தலைப்பு வைத்தேன். என்னென்ன ஆவணம் வேண்டும், எங்கே போக வேண்டும் என்று எல்லாம் இருந்தது. கார்டு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் கவுன்டரில் போய் நின்று திரும்பினார்களோ!

அன்று இரவே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அம்மாவை முதலில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த பெண் டாக்டர் விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தார். நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெத் வைத்துக் கேட்டார். நான் கார்டை எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டார்.

‘‘இதை பத்திரமா வைங்க, தேவைப்படலாம். ஆனா நுரையீரல் டாக்டரைப் பார்க்க கார்டே வேண்டாமே! தோப்பூர்ல நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி இருக்கு. இல்லன்னா பெரியாஸ்பத்திரியில நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கு. ரெண்டும் கவர்மென்ட்.’’

தோப்பூர் என்றதும் அம்மாவின் முகம் மாறியது. வெளியே வந்ததும், ‘‘அது டி.பி ஆஸ்பத்திரி. அங்க போனேன்னு தெரிஞ்சா ஊர்ல ஒருத்தி என் வீட்டுல தண்ணி குடிப்பாளா? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்கணும்’’ என்றார்.

அப்போதுதான் புரிந்தது. மூன்று வருடமும் அம்மாவைத் தடுத்தது பணம் மட்டும் இல்லை. ஒரு பஸ் தூரத்தில் நுரையீரல் டாக்டர்கள் இருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு ஊர் வைத்திருந்த பெயர்தான் அம்மாவை உள்ளே விடவில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனை என்றால் டி.பி-க்கு மட்டும் இல்லை, ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் எல்லாவற்றுக்கும்தான் என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஒப்புக்கொண்டார். ‘‘பெரியாஸ்பத்திரின்னா எல்லா நோய்க்கும் போவாக. என்னன்னு யாருக்கும் தெரியாது.’’

காலையிலேயே போய் ஓ.பி சீட்டு வாங்கினோம். பணம் கிடையாது. வரிசையில் நின்றபோது அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டார். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. பிறகு ஊதிப் பார்க்கும் பரிசோதனை. ‘ஸ்பைரோமெட்ரி’ என்கிறார்கள். மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாய் வைத்து, மூச்சை இழுத்து ஒரே வேகத்தில் ஊத வேண்டும். அம்மாவுக்கு முதல் இரண்டு முறை வரவில்லை.

‘‘அடுப்பு ஊதுவீங்கள்ல, அது மாதிரி ஊதுங்கம்மா. விடாதீங்க, விடாதீங்க’’ என்றார் டெக்னீஷியன். அம்மா சரியாக ஊதிவிட்டார்.

டி.பி இல்லை. சி.ஓ.பி.டி என்றார் டாக்டர். மூச்சுக்குழாய் சுருங்கி, காற்று வெளியேறச் சிரமப்படும் நாள்பட்ட நோய். ‘‘வீட்டுல யாரும் சிகரெட் பிடிப்பாங்களா?’’ என்று கேட்டார். இல்லை என்றோம். ‘‘விறகடுப்பா?’’

அம்மா தலையாட்டினார். பன்னிரண்டு வயதிலிருந்து ஊதாங்குழலோடு உட்கார்ந்தவர். இலவச கேஸ் அடுப்பு வந்த பிறகும், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று, சோறும் வெந்நீரும் விறகில்தான். சன்னல் இல்லாத சமையலறை. சி.ஓ.பி.டி சிகரெட்டால் மட்டும் வருவதில்லை, வருடக்கணக்கில் விறகுப் புகையைச் சுவாசிக்கும் பெண்களுக்கும் வருகிறது என்று டாக்டர் சொன்னார். போன நுரையீரல் முழுதாகத் திரும்ப வராது, ஆனால் புகையை நிறுத்தி, மருந்தை ஒழுங்காக எடுத்தால் இன்னும் மோசமாவதைக் குறைக்கலாம் என்றார். அதைக் கேட்டு அம்மா அழவில்லை. நான்தான் வெளியே வந்து அழுதேன். அந்த அடுப்புச் சோற்றைச் சாப்பிட்டுதானே நான் டிப்ளமோ படித்தேன்.

கேப்சூலைக் கருவியில் போட்டு உறிஞ்சும் மருந்தை மருந்தகத்தில் கொடுத்தார்கள். ‘‘இது பழகிருமாமே’’ என்று அம்மா தயங்கினார். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும், பழக்கமாகிவிடும் என்பது தவறான பயம் என்று அங்கிருந்த சிஸ்டர் சொல்லி, உறிஞ்சும் முறையையும் மூன்று முறை செய்து காட்டினார். உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

இப்போது வெந்நீரும் கேஸில்தான். சிலிண்டர் செலவு என் பொறுப்பு. கார்டு மறுபடியும் புடவைக்கு அடியில் இருக்கிறது. என்றாவது அட்மிட் ஆகவேண்டி வந்தால் அது தேவைப்படும்.

என் பழைய செய்தியில் விட்டுப்போனதை இங்கே எழுதிவிடுகிறேன். தனியார் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? நமக்கு வேண்டிய பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா? வெளிநோயாளிக்கா, அட்மிட் ஆனால் மட்டுமா? டாக்டரைப் பார்த்து ஆலோசனை பெற மட்டும் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவை முதலில் விசாரியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டி.பி-யாகவே இருந்தாலும் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகச் சாப்பிட்டால் குணமாகும்.

போன மாதம் மறு பரிசோதனைக்குப் போய்வந்தோம். பஸ்ஸில் எதிர் வீட்டு அத்தை, ‘‘எங்க தாயும் மகளும் போய்ட்டு வாரீக?’’ என்று கேட்டார். அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகவே சொன்னார்.

‘‘நெஞ்சு டாக்டர்கிட்ட. நீயும் ராத்திரியெல்லாம் இருமுறியே மதினி, ஒரு நாள் வா, கூட்டிட்டுப் போறேன்.’’