தேரையின் மேல் ஏன் பழி?

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டால் எங்கள் ஊரில் இரவு முழுவதும் தவளைகளின் ஒலிதான். ஆண்டுதோறும் அதனைச் செவிமடுத்து வந்ததில், எந்தக் குரல் எந்தத் தவளைக்குரியது என்று பிரித்தறியும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது. குரலெழுப்பிப் பெட்டைகளை அழைப்பவை பெரும்பாலும் ஆண் தவளைகளே.

இவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. தெருவிளக்கின் அடியில் பூச்சிக்காகக் காத்திருப்பது சொறித்தவளை. உலர்ந்து தடித்த தோலும், தலையில் கருநிற வரம்புகளும், கண்ணின் பின்னே புடைத்த சுரப்பிகளும் அதற்கு உண்டு. நெடுந்தொலைவு தாவாது, தத்தித் தத்தியே செல்லும். அதனைத் தொட்டால் மரு வரும் என்பது வீண் அச்சம். நீரில் கண்களை மட்டும் வெளிக்காட்டி மிதந்து, ஆளரவம் கேட்டதும் நீரின் மேலேயே தத்திப் பாய்வது நீர்த்தவளை. வயலில் வாழும் பெருந்தவளையோ கோடையில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை கண்டதும் வெளிப்படும். அப்பொழுது ஆண் தவளை மஞ்சள் பூசியதுபோல் நிறம் மாறும். தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பும்.

மரத்தவளை இவற்றினின்று வேறுபட்டது. மெலிந்த இடை, நீண்ட கால்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் வட்டமான ஒட்டுத்தட்டு. தொடையின் பின்புறத்தில் மஞ்சள் புள்ளிகள். மரத்தைத் தட்டுவது போன்றது அதன் குரல். நீருக்கு மேலே தொங்கும் கிளையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டி, அதனுள் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். வெயில் காலத்தில் ஈரம் தேடி, நம் குளியலறைக்கும் தண்ணீர்ப் பானையின் மறைவுக்கும் வந்துவிடும். சில ஊர்களில் சொறித்தவளையைத் தேரை என்பர்; எங்கள் பக்கம் தேரை என்றால் இந்த மரத்தவளைதான்.

பாவம், இதன் மேல் எத்தனை பழி! தேங்காயில் பருப்பு இல்லையெனில் 'தேரை மோந்துவிட்டது' என்கிறோம். மகரந்தச் சேர்க்கைக் குறைவும் மரத்தின் சத்துக் குறைவுமே அதற்குக் காரணங்கள். இப்பழியால் தேங்காய்க்கு இழப்பில்லை. ஆனால் குழந்தை மெலிந்தாலும் 'தேரை விழுந்துவிட்டது' என்கிறோமே, அதுதான் கொடுமை.

எங்கள் தெருவில் ஓர் இளந்தாயின் குழந்தை ஒன்றரை வயதில் எலும்பும் தோலுமாய் இருந்தது. "தேரை தோஷம் அத்தை, கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறோம்" என்றாள் அவள். அவள் மாமியார், குளியலறைத் தேரையை அடித்துக் கொன்று, தோஷம் கழிந்தது என்று நம்பியிருந்தார். நான் அவரோடு வாதாடவில்லை. "கயிறு இருக்கட்டும் அக்கா, நாளை நாம் மூவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருவோம்" என்றேன். ஓயாத வயிற்றுப்போக்கும் போதாத உணவுமே காரணம் என்றார் மருத்துவர். உப்புச் சர்க்கரைக் கரைசலும், மருந்தும், வேளைதோறும் பருப்புச் சோறும், முட்டையும் கொடுத்ததில் சில மாதங்களில் குழந்தை தேறியது. இன்னும் சில வாரங்கள் கயிற்றை மட்டும் நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

தவளைகள் நம் வயலிலும் வீட்டிலும் பூச்சிகளைத் தின்று வாழ்பவை. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக் கால்கள் ஏராளமாக ஏற்றுமதியாயின. 1987-இல் அரசு அதனைத் தடை செய்தது. சட்டம் காத்த உயிரை அறியாமையால் நாம் அடித்துக் கொல்லலாமா?

ஆகவே தாய்மார்களே, வீட்டில் தேரையைக் கண்டால் ஈரக் கையால் மெல்ல எடுத்துத் தோட்டத்துச் செடியில் விட்டுவிடுங்கள். பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழந்தை மெலிந்தாலோ, காலம் தாழ்த்தாமல் அங்கன்வாடியில் எடை பார்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.