தங்கம் போனது, தூசி நின்றது

பொழுது விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. சாப்பாட்டுத் தூக்கோடு வரும் ஆண்களும் பெண்களும் பெட்டிகளை நிறைக்கிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறுகிறது. பெங்களூரில் வேலை, வீடு திரும்ப இரவாகிவிடும். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பு இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது.

ஜன்னலுக்கு வெளியே சயனைடு மண் குன்றுகள் தெரிகின்றன. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் பதித்தது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையைத் துளைத்தார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. தங்கம் லண்டன் போனது. பாறைத் தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கியது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதலில் பதிவானது கோலாரில்தான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தூசி அரித்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும்.

தூசியோடு எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. அங்கே தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தை ஊரில் விட்டு, ஆண்கள் மட்டுமே தங்கும் விடுதிகளில் ஆண்டில் பெரும்பகுதியைக் கழித்தார்கள். 1990-களின் இறுதியில் கார்ல்டன்வில் சுரங்கப் பகுதியில் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. சிலிக்கோசிஸும் எச்.ஐ.வி.யும் ஒன்றாக இருந்தால் காசநோய் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது என்றார்கள் அங்குள்ள ஆய்வாளர்கள்.

கோலார் தொழிலாளிக்கும் அதே பாறை, அதே தூசிதான். ஆனால் அவர் குடும்பத்தோடு வாழ்ந்தார். லைன் வீடுகள் குறுகலானவை, தட்டி வைத்து மறைத்தவை. இருந்தாலும் ஷிப்ட் முடிந்ததும் மனைவி மக்களிடம் திரும்ப முடிந்தது. சுரங்கம் மூடியபோது வேலையோடு அந்த ஏற்பாடும் குலைந்தது. பலர் தினமும் ரயில் ஏறினார்கள். சிலர் வெளியூரிலேயே தங்கிவிட்டார்கள். இதனால் இங்கே தொற்று பெருகிவிட்டது என்று சொல்வது அபாண்டம். ஆனால் பிழைப்பு மனிதரைக் குடும்பத்திடமிருந்து பிரிக்கும் இடத்தில் நோய்க்கு வழி திறக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அந்த வழியை அடைத்ததில் பாதிக்கப்பட்டவர்களுக்கே பெரிய பங்கு உண்டு. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தபோது, 'நம் நாட்டுக்கு இது வராது' என்ற நினைப்பு உடைந்தது. 1998-ல் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, தொற்றோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். கர்நாடகத்தில், 2004-ல் தொடங்கிய மைசூரின் 'அசோதயா' பாலியல் தொழிலாளர்கள் தாங்களே நடத்தும் அமைப்பாக வளர்ந்தது. அதே 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்து வந்தது. 2017-ல் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை என்பது இன்று உறுதியான மருத்துவ உண்மை.

ஆனால் விடாமல் சாப்பிட நேரம் வேண்டும். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவருக்கு, மருத்துவமனை திறந்திருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம். மாத்திரைக்கு விலை இல்லை. அதை வாங்கப் போகும் நாளுக்கு விலை உண்டு. அது ஒரு நாள் கூலி. தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு. இருமலோடு வரும் பழைய சுரங்கத் தொழிலாளிக்குத் தூசி, காசநோய், எச்.ஐ.வி. மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பரிசோதித்தால் பாதிச் சுமை இறங்கும். மாலையிலும் ஞாயிறன்றும் மருந்து கிடைத்தால் மீதியும் குறையும்.

இரவு ரயில் மாரிக்குப்பத்தில் நிற்கிறது. காலித் தூக்குகளோடு கூட்டம் இறங்கி லைன்களை நோக்கி நடக்கிறது. எத்தனை தொலைவு போனாலும் இரவில் வீடு திரும்ப வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம்தான் இந்த ஊருக்கு மிஞ்சியிருக்கும் தங்கம்.