கண்ணாடி மாளிகைக்குப் போன தந்தம்

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறும் பஸ், போடிமெட்டைத் தாண்டியதும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குள் நுழைகிறது. பூப்பாறைக்கு அப்பால் சாலையோரமாகத் தண்ணீர் விரிகிறது. ஆனையிறங்கல் அணை. விளக்கம் தேவையில்லாத பெயர்: யானைகள் இறங்கி வந்து நீர் குடித்த இடம். 1960களில் அணை எழுந்தது, பள்ளத்தாக்கு ஏரியானது. யானைகள் இன்னும் இறங்கி வருகின்றன. வழியில்தான் தேயிலையும் ரிசார்ட்டுகளும் நிற்கின்றன.

இடுக்கி மாவட்டத்தின் இந்த மேட்டு நிலம் ஒருகாலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிழக்கு விளிம்பு. ஏலமும் தந்தமும் அரசின் ஏகபோகம். காட்டில் கிடைக்கும் கொம்புகள் அரசுக் கிடங்குக்குப் போயாக வேண்டும். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா விக்டோரியா ராணிக்கு ஒரு பரிசு அனுப்ப முடிவு செய்தபோது, அது தந்தச் சிம்மாசனமாக அமைந்ததில் வியப்பில்லை. மரச் சட்டத்தின் மேல் செதுக்கிய தந்தத் தகடுகள், வைரமும் மரகதமும் மாணிக்கமும் பதித்த வேலைப்பாடு, சமஸ்தானத்தின் சின்னமான சங்கு. கூடவே கால் வைக்க ஒரு மணையும்.

அது போய்ச் சேர்ந்த இடம் விநோதமானது. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சிக்காக இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை எழுப்பப்பட்டிருந்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞரே அல்ல. செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்கள் கட்டிப் பழகிய தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். சுமார் 1,850 அடி நீளம், ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகள். தொழிற்சாலையில் வார்த்த பாகங்களைக் கொண்டுவந்து முடுக்கி, சில மாதங்களில் முடித்துவிட்டார்கள். உள்ளே வளர்ந்த எல்ம் மரங்களைக்கூட வெட்டவில்லை. ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற பெயர் நிலைத்தது. ஐந்தரை மாதங்களில் 60 லட்சம் தடவை மக்கள் நுழைந்து பார்த்தனர்.

கூட்டம் மொய்த்த பகுதிகளில் இந்தியப் பகுதியும் ஒன்று. கோஹினூர் வைரம் ஒரு பக்கம். முர்ஷிதாபாத் நவாப் அனுப்பிய அம்பாரி இன்னொரு பக்கம். அம்பாரியைச் சுமக்க யானை வேண்டுமே? எசெக்ஸ் பகுதியில் சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த யானை ஒன்றை இரவல் வாங்கினார்கள். அது ஆப்பிரிக்க யானை. லண்டன்வாசிகளில் எத்தனை பேர் காதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்! இந்திய யானையின் பங்கு, திருவிதாங்கூர் சிம்மாசனத்தில் தகடு தகடாக இருந்தது. அக்டோபர் 15 நிறைவு விழாவில் இளவரசர் ஆல்பர்ட் அதில்தான் அமர்ந்தார். 1876இல் இந்தியாவின் பேரரசியாகப் படமெடுத்துக்கொள்ள விக்டோரியா தேர்ந்தெடுத்ததும் அதே ஆசனத்தைத்தான்.

மாளிகையைக் கழற்றித் தெற்கு லண்டனின் சிடன்ஹாமில், இன்னும் பெரிதாக மாட்டி, 1854இல் திறந்தார்கள். 1936 நவம்பர் 30 இரவு தீப்பிடித்தது. காலையில் மிஞ்சியது முறுக்கிய இரும்பு. சிம்மாசனம் தப்பித்தது, அது எப்போதோ அரண்மனைக்குப் போய்விட்டிருந்தது. இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது.

காட்டின் கதை வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளுக்கு உரிமை பெற்றபின், சரிவுகள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின. 2000களின் தொடக்கத்தில் கேரள அரசு சின்னக்கானலில் நிலமற்ற பழங்குடியினருக்கு நிலம் கொடுத்தது. 301 குடும்பங்கள், எனவே ‘301 காலனி’. கொடுத்த நிலம் யானைகளின் நடமாட்டப் பாதை. பல குடும்பங்கள் பயந்து வெளியேறிவிட்டன. நிலம் இல்லாதவருக்கு நிலம் என்ற நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இடம் தேர்ந்தவர்களைச் சொல்லலாம்.

இங்கே ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் ‘அரிக்கொம்பன்’ என்று பெயர் வாங்கிய ஆண் யானையைத் தமிழ்நாடும் அறியும். அதைப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தில் விடலாம் என்றது கேரள உயர் நீதிமன்றம். எங்களுக்கு வேண்டாம் என்று முதலமடை மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2023 ஏப்ரல் 29இல் மயக்க ஊசி போட்டு, பெரியாறு புலிகள் காப்பகத்தில் இறக்கினார்கள். ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கி, மே 27 காலையில் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அன்று காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5இல் தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல் கோதையாற்றில் விட்டது.

சின்னக்கானலில் மற்ற கொம்பன்கள் இருந்தன. பலாப்பழப் பிரியனான சக்கக்கொம்பனோடு மோதிய முறிவாலன் கொம்பன், 2024 செப்டம்பரில் காயங்களுடன் செத்தது. இறந்த காட்டு யானையின் தந்தம் இன்றைய வனவிலங்குச் சட்டப்படியும் அரசுச் சொத்து. ஆனால் அதில் யாரும் நாற்காலி செய்ய முடியாது. இந்திய தந்த வணிகத்துக்கு 1986இலும், இறக்குமதியான ஆப்பிரிக்க தந்தத்துக்கு 1991இலும் தடை வந்தது. திருவனந்தபுரத்துச் செதுக்குக் கலைஞர்கள் மரத்துக்கு மாறினார்கள்.