சேஃப்டி சப்பாத்தும் தைப்பூசமும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓவர்டைம் முடிஞ்சு வந்து எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம கோயில் வாசல்ல சப்பாத்து, சிலிப்பர் அடுக்கி வைக்கிற இடத்துல நிக்கிற ஆள் நான்தான். பல பேருக்கு என் முகம் தெரியும், பேர் தெரியாது. "செருப்பு அண்ணே"ன்னு கூப்பிடுவாங்க. எனக்கு அதுல வருத்தம் இல்லை. பகல்ல பாயான் லெப்பாஸ்ல ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எஸ்.பி.எம். முடிச்சிட்டு மெஷின் ஓட்ட வந்தவன், முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால மனுஷனோட காலைப் பத்தி எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். வேலையில் அவன் சப்பாத்தை மாட்டும்போது பார்க்கிறேன், கோயில்ல கழட்டும்போது பார்க்கிறேன்.

ஷிஃப்ட் முடிஞ்சு நேரா கோயிலுக்கு வர்ற பையன்களைப் பாருங்க. சேஃப்டி சப்பாத்தைக் கழட்டின உடனே முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க, அது சாமி கும்பிட்டு வர்ற நிம்மதியைவிடப் பெருசா இருக்கு. பெருவிரல் நகம் கறுத்திருக்கும். சுண்டுவிரல் மேல ஆணி. குதிகால்ல பிளாஸ்டர். "என்னடா தம்பி"ன்னு கேட்டா, "சேஃப்டி சப்பாத்துன்னா அப்படித்தானே அண்ணே"ன்னு சொல்வான். அப்படி இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. தைப்பூசத்துக்கு விரதம் ஆரம்பிக்கப் போறோம், இந்தக் காலை வச்சுத்தானே தண்ணீர்மலைக்கு நடக்கணும்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன்.

என் மனைவியோட தம்பி, எனக்கு மச்சான், என் செக்‌ஷன்லயே வேலை செஞ்சாரு. இருபது வருஷம் விடாம காவடி எடுத்தவர். இனிப்பு நீர் இருந்துச்சு, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. ஒரு டிசம்பர் மாசம் பழைய சப்பாத்து அடி பிஞ்சு போச்சுன்னு என்கிட்ட வந்தாரு. ஸ்டோர்ல 9-ஆம் நம்பர் இல்லை, 10 தான் இருந்துச்சு. "ரெண்டு காலுறை போட்டுக்குங்க மச்சான், 9 வந்ததும் மாத்தித் தர்றேன்"னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 9 வந்துச்சு. நான் மறந்துட்டேன். அவரும் கேட்கலை, ஏன்னா அவருக்கு வலிக்கலை.

வலிக்கலைங்கிறதுதான் விஷயமே. இனிப்பு நீர் பல வருஷமா இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிடும். நமக்குச் சின்னக் கல்லு மாட்டினா நொண்டுவோம், கழட்டி உதறுவோம். அவங்களுக்குத் தெரியாது. பெரிய சப்பாத்துக்குள்ள கால் முன்னும் பின்னும் ஓடி, பெருவிரல் நுனி இரும்புத் தொப்பியில் நாள் பூரா இடிச்சிருக்கு. தைப்பூசத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது துணி துவைக்க எடுத்த அவர் மனைவிதான் காலுறையில ரத்தத்தைப் பார்த்து எனக்கு போன் பண்ணினாங்க. "அண்ணே, இவர் காலைக் கொஞ்சம் வந்து பாருங்க"ன்னாங்க. நான் பார்த்தப்ப விரல் கறுத்திருந்துச்சு. ஆஸ்பத்திரியில் இடது பெருவிரலை எடுத்துட்டாங்க. அந்த வருஷம் காவடி இல்லை.

யார் மேலயும் பழி போடலை. கையெழுத்து என்னோடது.

அதுக்கப்புறம்தான் இதைக் கத்துக்க ஆரம்பிச்சேன். எனக்கு யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டா சிரிப்பீங்க. என் மூத்த மகன் நியூசிலாந்துக்கு வேலை விடுமுறை விசாவுல போயி, குவீன்ஸ்டவுன்ல ஒரு பனிச்சறுக்குச் சாமான் வாடகைக் கடையில் ஒரு குளிர்காலம் வேலை செஞ்சான். பினாங்குக்காரனுக்குத் தெரிஞ்ச பனி ஐஸ் கச்சாங் மட்டும்தான், இவன் அங்கே போய் வெள்ளைக்காரங்களுக்குச் சப்பாத்து மாட்டி விட்டிருக்கான். அந்தப் பனிச்சறுக்கு பூட்ஸ் நம்ம சேஃப்டி சப்பாத்துக்கு அண்ணன் மாதிரி. வெளியில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்து மாதிரி தனியா கழட்டுற உறை. ஓடு வளையாது. நம்மளதுல விரல் பக்கம் இரும்புத் தொப்பி, அதுவும் வளையாது. 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்துல இருந்து போட்டாலும் தாங்கணும்னுதான் அதுக்குத் தரம் வச்சிருக்காங்க, 200 ஜூல்னு சொல்வாங்க. காலைக் காப்பாத்துற அதே கெட்டித்தனம்தான் அளவு தப்பினா காலைக் கெடுக்குது.

மகன் சொன்ன முதல் விஷயம்: "அப்பா, கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் பெரிய அளவுதான் கேட்பாங்க. வலிச்சா சின்னதுன்னு நினைக்கிறாங்க. நிறைய தடவை அது பெருசா இருக்கிறதால வர்ற வலி." பெரிய பூட்ஸ்ல கால் ஓடும். ஓடுறதை நிறுத்தக் கொக்கியை இறுக்குவாங்க. இறுக்கினா பாதத்தோட மேல் பக்கம் நசுங்கி மரத்துப் போகும். உடனே "டைட்டா இருக்கு, இன்னும் பெருசு குடு"ன்னு கேட்பாங்களாம். எங்க தொழிற்சாலையில் அச்சு அசல் இதேதான், கொக்கிக்குப் பதிலா கயிறு.

அங்கே எப்படிப் பார்ப்பாங்கன்னா, உள் உறையைக் கழட்டிட்டு வெறும் ஓட்டுக்குள்ள காலை விட்டு, விரல் நுனி முன்னாடி தொடுற மாதிரி தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால எத்தனை விரல் நுழையுதுன்னு பார்ப்பாங்க. நம்ம சப்பாத்துல உறை தனியா வராது. ஆனாலும் இதே வழி இருக்கு. கயிறைத் தளர்த்தி, காலை முன்னாடி தள்ளி, பின்னால உங்க ஆட்காட்டி விரலை விடுங்க. ஒரு விரல் சரியா நுழைஞ்சா அளவு சரி. நுழையவே இல்லைன்னா சின்னது. ரெண்டு விரல் தாராளமா போச்சுன்னா அது உங்க சப்பாத்து இல்லை, ஒரு நம்பர் குறைங்க. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். சின்னதா தெரியும். நாள் பூரா நடந்தா தெரியும் அது எவ்வளவுன்னு.

அளக்குறது சாயங்காலம் அளங்க, நின்னுக்கிட்டு அளங்க. காலையில் உட்கார்ந்து அளந்தா கால் சின்னதாக் காட்டும். ரெண்டு காலையும் அளங்க, பெரிய காலுக்குத்தான் வாங்கணும்.

அடுத்து அகலம். உள்ளே இருக்கிற அடித்தளத்தை வெளியில் எடுத்துத் தரையில் போட்டு அது மேல ஏறி நில்லுங்க. சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியில் நின்னா அகலம் பத்தலை. இதுக்கு நீளம் கூடின நம்பர் வாங்குறது தப்பு, அகலமான மாடல் கேளுங்க. என் வயசு ஆட்கள் பாதிப் பேர் எஸ்டேட்டுல வெறுங்காலோட ஓடி வளர்ந்தவங்க, முன்பாதம் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். குறுகலான சப்பாத்து நமக்கு ஆகாது.

ஒரே ஒரு இடத்துல மட்டும் குத்துதுன்னா? பனிச்சறுக்குக் கடையில் லிப்ஸ்டிக் தடவுவாங்களாம். எலும்பு துருத்துற இடத்துல தடவி, பூட்ஸைப் போட்டுக் கழட்டினா உள்ளே சரியா எங்கே இடிக்குதுன்னு அடையாளம் விழும். அப்புறம் அந்த இடத்துப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளிப்பக்கமா தள்ளிடுவாங்க. நான் நம்ம வழியில் குங்குமத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைச்சுத் தடவுறேன். தோல் கிழியாத இடத்துல மட்டும், புண்ணு மேல தடவக் கூடாது. அடையாளம் தோல் பகுதியில் விழுந்தா, சப்பாத்து தைக்கிறவர் கட்டை வச்சு விரிச்சுத் தருவார். இரும்புத் தொப்பி மேல விழுந்தா ஒண்ணும் செய்ய முடியாது, சப்பாத்தையே மாத்தணும். ஒரு பையன் தொப்பியை வெளியில் எடுத்துட்டு வந்தான். பலமா திட்டினேன். அப்புறம் எதுக்கு அதைப் போடணும், சிலிப்பர்லயே வேலைக்கு வரலாமே.

வலிக்கிற இடத்து மேலயே பஞ்சு வைக்காதீங்க. எல்லாரும் செய்ற தப்பு இது. ஏற்கனவே இடிக்கிற இடத்துல இன்னும் கனம் கூட்டினா அழுத்தம் அதிகமாகும். அந்த இடத்தைச் சுத்தி வைங்க, நடுவுல ஓட்டை விட்டு, உளுந்து வடை மாதிரி. காவடி கட்டுறவங்களுக்கு இது சொல்லவே வேண்டாம். தோள்பட்டை எலும்பு மேலயே துணியைத் திணிச்சா மலை ஏறுறதுக்குள்ள உயிர் போயிடும், எலும்புக்கு ரெண்டு பக்கமும் மெத்தை கொடுத்துப் பாரத்தை இடுப்புக்கு இறக்குவாங்க. அதே கணக்கு.

குதிகால் தூக்குதா? ரெண்டு காலுறை வேண்டாம். மச்சானுக்கு நான் சொன்ன அதே யோசனை, அதை இப்ப யார் சொன்னாலும் எனக்கு வயித்தைப் பிசையுது. ரெண்டு காலுறை வேர்வையைப் பிடிச்சு வச்சுக்கும், உள்ளே சுருண்டு மடிப்பு விழும், அந்த மடிப்பு கத்தி மாதிரி. பனியிலேயே மெல்லிசா ஒரே காலுறைதான் போடச் சொல்வாங்களாம், நம்ம வெக்கைக்குக் கேட்கணுமா. குதிகாலைக் கட்டுப்படுத்துறது கணுக்கால் வளைவு. சப்பாத்தைப் போட்டுட்டுக் குதிகாலால தரையில் ரெண்டு தட்டுத் தட்டி, கால் பின்னால நல்லா உட்கார்ந்ததும், விரல் பக்கம் கயிறைத் தளர்வா விட்டு, கணுக்கால் வளையுற இடத்துல மட்டும் இறுக்கிக் கட்டுங்க. பாதத்து மேல எலும்பு வலிச்சா அந்த இடத்து ஓட்டையை மட்டும் விட்டுட்டுக் கோத்துக்கலாம். உள் அடித்தளம் அப்பளமா தட்டையாயிட்டா மாத்துங்க.

இன்னொண்ணு. 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டம் போடச் சொல்ற பாதுகாப்புச் சாமானுக்கு முதலாளி உங்ககிட்ட காசு பிடிக்கக் கூடாது. அளவு சரியில்லைன்னா கேளுங்க. வெட்கப்படாதீங்க. சூப்பர்வைசர் முறைப்பாரு, நானும் முறைச்சவன்தான்.

இனிப்பு நீர் உள்ளவங்க இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. தினம் ராத்திரி கால் அடியைப் பாருங்க, குனிய முடியலைன்னா தரையில் கண்ணாடி வச்சுப் பாருங்க. சப்பாத்துக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டு அப்புறம் காலை விடுங்க. அரசாங்கக் கிளினிக்ல மெல்லிசான நைலான் நரம்பால பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பார்ப்பாங்க, வலியே இல்லாத பரிசோதனை. தைப்பூசத்துக்கு முன்னால போய்ப் பார்த்துட்டு வாங்க. உணர்ச்சி இல்லைன்னு சொன்னா, வெயில் ஏறின பிறகு தார் ரோட்டுல வெறுங்காலோட நடக்காதீங்க. ரதம் வர்ற வழி எல்லாம் தேங்காய் உடைக்கிறோம், எங்க தொண்டூழியர்கள் கூட்டிக்கிட்டேதான் இருப்பாங்க, தண்ணியும் ஊத்துவாங்க. ஆனாலும் சில்லு கிடக்கும். குத்தினது உங்களுக்குத் தெரியாது, வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

மச்சான் கதைக்கு வர்றேன். அடுத்த வருஷம் பால்குடம் எடுக்கணும்னு நின்னாரு. டாக்டர் வெறுங்கால் கூடவே கூடாதுன்னுட்டாரு. காலணியோட பால்குடமா, அதைவிடப் போகாமலே இருக்கேன்னு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலை. நம்ம கோயில் பெரியவர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ரொம்ப யோசிக்கலை. "தோல் இல்லாத துணிச் சப்பாத்து புதுசா வாங்குங்க, அன்னிக்கு மட்டும் போடுங்க. முருகன் காலைப் பார்க்க மாட்டான்"னாரு. கேன்வாஸ் சப்பாத்து பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினேன். விரல் இல்லாத இடத்துல உள்ளே சும்மா விட்டா கால் ஓடும்னு, அங்கே பஞ்சு வச்சு நானே தைச்சுக் கொடுத்தேன். மூணு தடவை பிரிச்சுத் தைச்சேன்.

விடியக்காலையில், ரோடு சூடாகுறதுக்கு முன்னால, குடத்தோட அடிவாரம் வரைக்கும் வந்தாரு. 513 படி ஏறலை. குடத்தை மகன் வாங்கித் தலையில் வச்சுக்கிட்டு ஏறினான். நானும் மச்சானும் கீழே உட்கார்ந்து, ஏறுற காலெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு, "அத்தான், இப்ப ஸ்டோர்ல 9 நம்பர் இருக்கா?"ன்னு கேட்டாரு. ஒவ்வொரு நம்பர்லயும் ரெண்டு ஜோடி எப்பவும் வச்சிருக்கேன்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை 6 மணிக்கு மேல அதே இடத்துல இருப்பேன். பொருந்தாத சப்பாத்து இருந்தா எடுத்துட்டு வாங்க, குங்குமமும் அட்டையும் நான் வச்சிருக்கேன். காலுறையை மட்டும் துவைச்சுப் போட்டுட்டு வாங்க, அந்த மூலையில் காத்து கம்மி.

வேலும் மயிலும் துணை.