பாலைவனத்தில் ஒரு ரப்பர் வளையம்

ஜூலை மாதத்தில் குவார்ட்சைட்டைக் கடந்து போகிறவர்கள் அதை ஓர் ஊர் என்று ஒப்புக்கொள்ளவே தயங்குவார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், கலிபோர்னியாவை நோக்கி ஓடும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிடக்கிறது அது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2,400. வெயில் 45 டிகிரியைத் தொடும். பல கடைகளில் பூட்டு தொங்கும்.

ஜனவரியில் அதே ஊரை அடையாளம் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வறண்ட ஓடைகளையும் முட்செடிகளையும் தாண்டி, மலையடிவாரம் வரை வெள்ளை வெள்ளையாக வண்டிகள். மினசோட்டா, டகோட்டா, கனடா என்று பனி கொட்டும் இடங்களிலிருந்து வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறவர்களுக்கு 'பனிப்பறவைகள்' என்று பெயர். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ஒரு குளிர்காலத்தில் இந்தச் சிற்றூருக்கு வந்து போகிறவர்கள் பல லட்சம். ரத்தினக்கல் சந்தை, பழைய சாமான் சந்தை, வண்டிகளுக்கென்றே ராட்சதக் கூடாரத்தில் நடக்கும் கண்காட்சி என்று ஊர் திருவிழாக் கோலம் பூண்டுவிடுகிறது.

ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வீட்டு வண்டிகளில் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை என எல்லாம் உண்டு. அமெரிக்காவில் தயாராகும் இத்தகைய வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஒரே வட்டாரத்திலிருந்து வருகிறது. கொரோனாவுக்குப் பயந்து ஓட்டல்களையும் விமானங்களையும் மக்கள் தவிர்த்த 2021இல் மட்டும் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. விளம்பரங்களில் இந்த வண்டிக்கு மறுபெயர் சுதந்திரம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பிடிக்காவிட்டால் கிளம்பலாம்.

அந்தச் சுதந்திரம் கடைசியில் ஒரு ரப்பர் வளையத்தின் தயவில்தான் நடக்கிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

வளையம் இருப்பது கழிவறைக்குள். வீட்டுக் கழிவறையில் வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் நாற்றத்தைத் தடுக்கிறது. ஓடும் வண்டியில் அந்த ஏற்பாடு கிடையாது. அதற்குப் பதிலாகக் கிண்ணத்தின் அடியில் ஒரு மூடி. காலால் மிதியை அழுத்தினால் மூடி விலகும், கழிவு நேரே கீழே உள்ள தொட்டியில் விழும். காலை எடுத்தால் மூடி திரும்ப வந்து ரப்பர் வளையத்தின் மீது அழுந்தி உட்காரும். மேலே ஒரு குவளை அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மனிதர்களுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள எல்லைக் கோடு அந்தக் குவளைத் தண்ணீர்தான். வளையத்தில் ஒரு காகிதத் துணுக்கு சிக்கினாலோ, உப்புத் தண்ணீரின் காரை படிந்தாலோ, ரப்பர் காய்ந்து சுருங்கினாலோ தண்ணீர் இறங்கிவிடும். பின்னர் 30 அடி நீள வீட்டில் ஒளிய இடம் கிடையாது.

கீழே இருப்பது 'கறுப்புத் தொட்டி'. குளியல், பாத்திரம் கழுவிய நீர் சேர்வது 'சாம்பல் தொட்டி'. நடுத்தர வண்டி ஒன்றின் கறுப்புத் தொட்டி 150 லிட்டர் கொள்ளும் என்றால், சிக்கனமான தம்பதிக்கு அது பத்து நாள் கணக்கு. நகரத்து வீட்டில் சங்கிலியை இழுத்ததும் மறந்துபோகிற ஒன்றை, இங்கே நாள் எண்ணி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஞாபகம் வைக்காதவர்களுக்குக் குவார்ட்சைட்டில் இடமில்லை. ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தம். 1983இல் தொடங்கிய திட்டப்படி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கென்றே அந்தத் துறை இடங்களை ஒதுக்கியிருக்கிறது. ஊருக்குத் தெற்கே உள்ள லா போசா முகாம் மட்டும் 11,000 ஏக்கருக்கு மேல். நீண்ட காலமாக ஏழு மாதத்துக்கும் சேர்த்து வசூலிக்கப்பட்ட கட்டணம் 180 டாலர்தான். அரண்மனை போன்ற பேருந்துக்கும் அரதப்பழசான வேனுக்கும் ஒரே கட்டணம். ஆனால் நிபந்தனை உண்டு. வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட, குறைந்தது 10 காலன் (சுமார் 38 லிட்டர்) கொள்ளும் கழிவுத் தொட்டி வேண்டும். அது இல்லாதவர்கள் பொதுக் கழிவறையிலிருந்து 500 அடிக்குள்தான் முகாமிட முடியும். தரையில் ஊற்றுவது குற்றம். பாலைவனத்தில் உரிமை கொண்டாட வேண்டுமானால் முதலில் காட்ட வேண்டிய அத்தாட்சி, ஒழுகாத ஒரு கழிவுத் தொட்டி.

மினசோட்டாவில் உறைபனியில் நின்ற வண்டி குவார்ட்சைட்டுக்கு வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். கிளம்பும் முன் குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டதாகத்தான் உரிமையாளர் நினைக்கிறார். ஆனால் கழிவறைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் வால்வில் ஒரு வாய்த் தண்ணீர் தங்கிவிட்டது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. பிளாஸ்டிக் இடம் கொடுக்காது. விரிசல் விழுகிறது. பனி உறைந்திருக்கும்வரை எதுவும் தெரியாது. 3,000 கி.மீ. கடந்து, வெயிலில் நிறுத்தி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டதும் அது ஓயாமல் உறுமுகிறது. கழிவறையின் பின்பக்கம் தரை நனைந்திருக்கிறது. இந்த வண்டிகளில் இதைவிடச் சகஜமான பழுது குறைவு.

நனைந்த தரையைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தால் ஆபத்து. தரை பலகையால் ஆனது. ஒரு பருவம் ஈரம் குடித்தால் உளுத்து, கழிவறையே ஆட்டம் காணும். நடமாடும் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். சீசனில் அவருக்காகக் காத்திருக்க வேண்டும், கூலி மணிக்கு 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம். உதிரி வால்வின் விலையோ சில பத்து டாலர்கள். எனவே பெரும்பாலோர் கையுறையை மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலை கடினமானதல்ல. ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் கறுப்புத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி, மிதியை அழுத்திக் குழாயில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். அடியில் இரண்டே இரண்டு நட்டுகள். அவற்றைக் கழற்றினால் கழிவறை அப்படியே கையோடு வந்துவிடும். திறந்து கிடக்கும் ஓட்டையில் ஒரு பழந்துணியை அடைக்க வேண்டும். நாற்றத்துக்காக மட்டுமல்ல, கையிலிருந்து நழுவும் நட்டு தொட்டிக்குள் போய்விடாமல் இருப்பதற்காகவும்தான். பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, தரையோடு சேரும் இடத்தில் புது வாஷர் வைத்து, நட்டுகளை இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பலம் காட்டினால் அடிப்பாகம் வெடிக்கும். இதே சாக்கில் மூடியின் ரப்பர் வளையத்தையும் சுத்தம் செய்து சிலிக்கோன் பசை தடவிவிடுவது அனுபவஸ்தர்கள் வழக்கம். வாசலின் போன்றவை ரப்பரைக் கெடுக்கும்.

வால்வு உடைவது விதி என்றால், இன்னொரு பழுது முழுக்க மனிதர்கள் சம்பாதிப்பது. முகாமில் கழிவுக் குழாய் இணைப்பு கிடைத்தால், தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது அங்கேயே தங்கும். நாளடைவில் கழிவறைக்கு நேர் கீழே கூம்பாக உயர்ந்து இறுகிவிடும். இதைப் 'பிரமிடு' என்று வண்டிக்காரர்கள் முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். மருந்து, தண்ணீர். முக்கால் தொட்டி நிரம்பும்வரை வால்வை மூடி வைத்து, ஒவ்வொரு முறையும் தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். பாலைவனத்தில் தாராளமாகத் தண்ணீர் விடுவது எப்படி என்பதுதான் யாராலும் தீர்க்க முடியாத புதிர்.

குவார்ட்சைட்டில் வேறொரு பிரமிடும் இருக்கிறது. ஊர்க் கல்லறையில், கற்களால் கட்டி உச்சியில் ஒட்டக உருவம் வைத்த நினைவுச் சின்னம். 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்காக ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றோடு ஒட்டோமான் பேரரசிலிருந்து வந்த ஹாஜி அலியின் சமாதி அது. அமெரிக்க நாக்கில் அவர் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. 1902இல் இங்கே இறந்தார். ஒட்டகச் சோதனை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. தண்ணீரைத் தானே சுமந்து, எங்கும் போகக்கூடிய வாகனம் என்ற கனவு மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

கனவின் மறுபக்கமும் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக் கடனிலும் வேலையிழப்பிலும் எல்லாவற்றையும் பறிகொடுத்து, வேனில் குடியேறிய முதியவர்களும் ஜனவரியில் இங்கே கூடுகிறார்கள். 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற 'நோமாட்லேண்ட்' அவர்களைப் பற்றியது. அவர்களுடைய வேன்களில் மிதியும் இல்லை, தொட்டியும் இல்லை. மூடி போட்ட வாளிதான். எந்த முட்டிக்கு எந்த அளவு வாளி பொருந்தும் என்ற ஆலோசனை அந்தப் படத்தில் வருகிறது. தியேட்டரில் சிரிப்பு எழுந்திருக்கலாம். முட்டி வலியோடு வேனில் வாழும் 70 வயதுப் பெண்மணிக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. பணமுள்ளவர் கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரியை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழைக்கிறார். அந்த லாரிக்கு அமெரிக்காவில் செல்லப் பெயர் 'தேன் வண்டி'. இல்லாதவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

ஆனால் இருவருக்கும் நடுவில், பெரும்பான்மையினர் செய்வதுதான் இந்தியக் கண்ணுக்கு விசித்திரமாகப் படும். ஓய்வுபெற்ற பொறியாளரும் பள்ளி ஆசிரியையும் பண்ணைக்காரரும் தங்கள் தொட்டியைத் தாங்களே காலி செய்கிறார்கள். குழாயில் எதிர்பாராமல் சிந்துவதை வைத்து ராபின் வில்லியம்ஸ் நடித்த 'ஆர்.வி.' (2006) ஒரு காட்சி முழுக்கச் சிரிக்க வைத்தது. அந்தச் சிரிப்பில் அருவருப்பு உண்டு, அவமானம் இல்லை. இந்த வேலையைச் செய்ததால் யாருடைய கை நீரும் யாருக்கும் ஆகாமல் போய்விடவில்லை.

இந்தியாவிலும் ஓடும் கழிவறைகள் உண்டு, ரயில்களில். பல தலைமுறைகளாக அவற்றுக்குத் தொட்டியே கிடையாது. கழிவு தண்டவாளத்தில் விழுந்தது. அதைச் சுத்தம் செய்யும் வேலை சில சாதிகளின் தலையில் விழுந்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2011இல் குவாலியர்-வாரணாசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் சோதனையாகத் தொடங்கிய உயிரிக் கழிவறைகள், இன்று ரயில் பெட்டிகள் அனைத்திலும் வந்துவிட்டன. 2016இல் ராமேஸ்வரம்-மானாமதுரை இடையிலான 114 கி.மீ. பாதைதான் தண்டவாளத்தில் கழிவு விழாத முதல் 'பசுமைப் பாதை' ஆனது. பெட்டிக்கு அடியில் உள்ள தொட்டியில் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. ஆனால் 2017இல் வெளியான தணிக்கை அறிக்கை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அடைப்புப் புகார்களைப் பட்டியலிட்டது. பாட்டில், டீ கப், பிளாஸ்டிக் பை, துணி. பாக்டீரியா தின்ன முடியாதவற்றைப் பயணிகள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போட்ட கை வேறு, எடுக்கும் கை வேறு. தன் தொட்டியைத் தானே திறக்கப்போகிறவர் அதற்குள் டீ கப்பைப் போடுவாரா?

ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி மூச்சுத் திணறிச் சாகிறவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த அவசியம் வந்திருக்காது. கேரள அரசு 2021இல் அறிவித்த 'கேரவன்' சுற்றுலாத் திட்டத்தின் மூலம் வீட்டு வண்டிகள் இங்கேயும் வரத் தொடங்கிவிட்டன. வண்டியை இறக்குமதி செய்வது சுலபம். கையுறையை மாட்டிக்கொள்ளும் மனதை எந்தத் தொழிற்சாலையும் தயாரிப்பதில்லை.

ஏப்ரல் நெருங்கினால் குவார்ட்சைட்டில் வெயில் ஏறத் தொடங்கும். பனிப்பறவைகள் வடக்கே திரும்ப ஆயத்தமாகின்றன. கிளம்பும் முன் லா போசாவின் கழிவு இறக்கும் நிலையத்தில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. குழாயை மாட்டி, முதலில் கறுப்பு வால்வு, பிறகு சாம்பல் வால்வு. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும் என்பதால் இந்த வரிசை. சிந்திய துளிகள் மீது தண்ணீர் அடித்து, கையுறையைக் குப்பைத் தொட்டியில் போட்டு, கை கழுவிக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார்கள். பின்னால் நிற்பவர் தன் கையுறையை மாட்டிக்கொண்டு முன்னே வருகிறார்.