துடைப்பம் போட்ட தரை

ஆரணியில் ஒரு ரிட்டையர்டு குமாஸ்தா வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். தெருவில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். அன்பர்களே, நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், மூன்றடி ஆழம். பிரான்சில் இருக்கும் என் மகன் அதை ‘பிசீன்’ என்கிறான். என் மனைவி தொட்டி என்கிறாள். அவள் சொல்வதுதான் சரி. பம்பு செட்டுத் தொட்டியைச் சற்றுப் பெரிதாகக் கட்டி உள்ளே நீல ஓடு ஒட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். நிரப்ப சுமார் 8,000 லிட்டர் பிடிக்கும். கமண்டல நாகநதி வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஊரில் இது ஆடம்பரம் என்று எனக்கும் தெரியும். பழைய தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடுவது என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் மனைவி சம்மதித்தாள். ஜூலையில் பேரப்பிள்ளைகள் இரண்டும் வருகிறார்கள். “செலவு என்னுது, கட்டுறது உங்க பொறுப்பு” என்றான் மகன்.

ஆனால் நான் எழுத வந்தது குளத்தைப் பற்றியல்ல. அதைச் சுற்றி இருக்கும் நான்கடித் தரையைப் பற்றி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்தப் படிப்பு இந்த வயதில் இதற்கு உதவியது: நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தரையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பிளாழ்’ என்பார்கள். கடற்கரைக்கும் அதே சொல்தான். ஈரக்காலோடு செருப்பில்லாமல் நடக்கிற இடம் அல்லவா. நம்மிடம் இருக்கும் சொல் கிணற்றடி. எங்கள் கிணற்றடிக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் இந்தத் தரையைச் சொல்ல முடியாது.

இந்த வீடு என் மாமனாருடையது. அவர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதன் கோந்தை நீக்க வேண்டும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அப்படிக் கரைந்து போகும். அந்த வழவழப்பான தண்ணீர் முழுவதும் இந்தக் கொல்லைத் தரை மீதுதான் ஓடும். ஆனாலும் அங்கே ஒருவரும் வழுக்கி விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம், தரை கருங்கல் பலகை. “அம்மி கொத்தறது” என்று தெருவில் கூவிக்கொண்டு போவார்களே, அவர்களை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, அம்மியைக் கொத்துகிற மாதிரியே தரைக் கல்லையும் உளியால் கொத்தச் சொல்வார் மாமனார். நான் புது மாப்பிள்ளையாக வந்தபோது அதைப் பார்த்து, இது என்ன பைத்தியக்காரத்தனம், தரையில் மிளகாய் அரைக்கப் போகிறார்களா என்று நினைத்தேன்.

2010-ல் ஓய்வு பெற்று இங்கேயே வந்துவிட்டோம். வந்த மறு மாதமே அந்தக் கற்களைப் பெயர்த்தேன். மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பார்க்க அசிங்கம் என்றேன். மனைவி ஒரு வார்த்தை சொன்னாள், “இருந்துட்டுப் போவுதுங்க.” நான் கேட்கவில்லை. சிமெண்டுத் தரை போட்டு, சிவப்பு ஆக்சைடு கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றினோம். வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். கற்களை யார் யாரோ சாக்கடை மூடப் போதுமென்று எடுத்துப் போனார்கள்.

2017 தீபாவளி விடியற்காலை. தலையில் எண்ணெய், காலடியில் எண்ணெய், தரையில் தண்ணீர். கிணற்றடியிலிருந்து சத்தம் வந்தது. இடுப்பெலும்பு. வேலூரில் ஆபரேஷன், மூன்று மாதம் படுக்கை, பிறகு ஊன்றுகோல். ஊன்றுகோலை விட்டுவிட்டாள். ஆனால் சமையலறைப் பின்வாசலைத் தாண்டிக் கொல்லைக்கு அவள் போகவே இல்லை. தானே வைத்த பவழமல்லியை வாசற்படியில் நின்று பார்ப்பாள். குளிப்பதற்கு வீட்டுக்குள்ளேயே அறை கட்டினோம். என்னை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகவே இந்தச் சித்திரையில் குளத்தைச் சுற்றி என்ன தரை என்று மேஸ்திரி கேட்டபோது, நான் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

கடப்பா கல்லை முதலிலேயே கழித்தேன். கறுப்பு, ஆரணி வெயிலில் பகல் பதினொன்றுக்கு மேல் கால் வைக்க முடியாது, நனைந்தால் மீன் மாதிரி வழுக்கும். மெருகிட்ட கிரானைட்டும் அதே ஜாதி. வழுக்காத டைல்ஸ் என்று கடையில் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடியில் கலவை முழுதாகப் பிடிக்காமல் எங்காவது பொள்ளலாக நின்றால் நாளடைவில் பெயரும், பெயர்ந்த ஓரம் பிள்ளைகள் காலைக் கிழிக்கும். மகன் ஒரு படம் அனுப்பினான்: ‘பெத்தோன் தெசாக்திவே’. காங்கிரீட்டின் மேல்தோல் மட்டும் இறுகாதபடி ஒரு மருந்தை அடித்து, பிறகு தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் உள்ளிருக்கும் கூழாங்கல் வெளியே தெரியும். அழகுதான். பெயரைத் தமிழில் சொன்னால் ‘செயலிழக்கச் செய்யப்பட்ட காங்கிரீட்’. எனக்கு ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஞாபகம் வந்தது. அதுவும் வேண்டாம் என்று விட்டேன். கால் வழுக்காது, ஆனால் விழுந்து எழும் குழந்தையின் முழங்கால் என்ன ஆகும்?

கடைசியில் சாதாரண காங்கிரீட்டுக்கே வந்தேன். எனக்கு அதன் மேல் ஒரு பழைய பாசம். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டிமேட்டும் டெண்டரும் டைப் அடித்தவன். சிமெண்டு 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று எத்தனை தடவை அடித்திருப்பேன்! அதைச் சோதிக்கிற ஊசிக்கு விகாட் ஊசி என்று பெயர். லூயி விகாட் பிரெஞ்சு எஞ்சினியர். காங்கிரீட்டுக்குள் இரும்பை வைத்து 1867-ல் உரிமம் வாங்கிய மோனியே ஒரு தோட்டக்காரர். பூந்தொட்டி உடையாமலிருக்கக் கம்பி வைத்தார். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தாரின் கோல்கொண்ட் விடுதியைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அந்தோனின் ரேமண்ட் வரைந்தது, 1937-ல் கட்டத் தொடங்கியது. பூச்சே இல்லாமல் வெறும் காங்கிரீட்டாக நிற்கும். பாவம், பூசப் பணம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவும் தெரிந்தும் கரணையை என் கையால் தொட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேஸ்திரியிடம் தென்னை மரத்தடியில் இரண்டடிச் சதுரத்தில் நான்கு பலகைகள் வார்க்கச் சொன்னேன். ஒன்று கரணையால் வழவழவென்று தேய்த்தது. ஒன்று மணியாஸ் கட்டையால், அதாவது மரக்கட்டையால், மணல் கண் தெரியத் தேய்த்தது. ஒன்றில் ஈரம் போவதற்குள் தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்தது. கடைசியில் பூந்துடைப்பத்தால் இழுத்தது. பத்து நாள் கழித்து சோப்புத் தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றிச் சோதனை. நானே ஏறி நிற்கப் போனேன். “ஐயா, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?” என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். பழைய பேப்பர் எடை போடும் ஸ்பிரிங் தராசில் ஒரு செங்கல்லைக் கட்டி, அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, ஒவ்வொரு பலகையிலும் இழுத்து, எந்த எடைக்கு நகர்கிறது என்று நோட்டில் எழுதினேன். குமாஸ்தா புத்தி. வழவழப்பானதில் செங்கல் சும்மா போயிற்று. துடைப்பம் போட்ட இரண்டிலும் முள் நன்றாக இறங்கிய பிறகே அசைந்தது.

பின்வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “செங்கல்லுக்கு என்னங்க தெரியும், அதுக்கு இடுப்பா உடையப் போவுது?” என்றாள்.

நான் நோட்டை மூடினேன்.

“இங்க எடுத்தாந்து போடச் சொல்லுங்க” என்றாள். அவள் வெளியே வரவில்லை. தரைதான் அவளிடம் போயிற்று. இரண்டு ஆட்கள் ஒவ்வொரு பலகையாகத் தூக்கி வந்து வாசற்படிக்குக் கீழே வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, புடவையைச் சற்று உயர்த்தி, ஈரப் பலகையில் வலது பாதத்தை வைத்துத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்த கால் அது. பள்ளத்தில் இருக்கும் காலைக் குனிந்து பார்க்க முடியாது. எந்த மிதி எங்கே இருக்கிறது என்று பாதமே கண்டுபிடிக்க வேண்டும். முதல் பலகையில் வைத்ததும் எடுத்துவிட்டாள். மரக்கட்டை போட்டதில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, “எண்ணெய் பட்டா இது ஏமாத்தும்” என்றாள். தென்னந்துடைப்பம் போட்டதில், “இது புள்ளைங்க தோலைப் பிறாண்டும். கோட்டுல அழுக்கும் தங்கும்.” பூந்துடைப்பம் போட்டதில் இரண்டு காலையும் வைத்தாள். முன்னும் பின்னும் தேய்த்தாள்.

“அப்பா கொத்தி வச்ச கல்லு இப்படித்தான் இருக்கும்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

மேஸ்திரி பீடி பற்ற வைக்கிற சாக்கில் தள்ளிப் போனார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வேலை நடந்த அன்று இரண்டு சண்டை. கலவை 1:1½:3, நாலங்குலக் கனம். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்றேன். கஞ்சி மாதிரி இருந்தால் ஆட்களுக்கு இழுக்கச் சுலபம். ஆனால் தண்ணீர் கூடினால் வலு குறையும், வெடிப்பும் வரும். அதில் ஒருவாறு ஒத்துப்போனார். இரண்டாவது சண்டை பெரிது. தரை போட்டதும் மேலே தண்ணீர் கசிந்து மினுக்கும். அதன் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவி உடனே தேய்த்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். “ரெண்டு கை தூவினா கண்ணாடி மாதிரி இருக்கும் ஐயா.” கண்ணாடிதானே வேண்டாம் என்கிறேன். அப்படித் தூவினால் மேல்தோல் தனியாக நிற்கும். நாளைக்கு மாவு மாவாக உதிரும், வலைவலையாகக் கோடு விழும். அந்த மினுக்கல் தானாகப் போகிற வரைக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழுகிற வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் துடைப்பம். சித்திரை வெயிலில் அந்த நேரம் சட்டென்று வந்துவிடும் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்தோம். குளத்துச் சுவருக்கும் தரைக்கும் நடுவே அரையங்குல இடைவெளி விட்டு தெர்மோகோல் வைத்தோம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஒன்று அசையும்போது மற்றது வெடிக்கும். எட்டடிக்கு ஒரு வெட்டுக்கோடு.

வாட்டம் நாலடிக்கு 20 மில்லிமீட்டர், குளத்திலிருந்து வெளிப்பக்கமாக. அழுக்குத் தண்ணீர் குளத்தில் விழாமல் வாழைக்குப் போகும். தேங்கி நின்றால் பாசி. பாசி பிடித்தால் எந்தத் துடைப்பக் கோடும் காப்பாற்றாது.

துடைப்பத்தை எந்தத் திசையில் இழுப்பது என்பது நான் யோசிக்காத விஷயம். மேஸ்திரி குளத்தின் நீளவாக்கில் இழுக்கப் போனார். வாசற்படியிலிருந்து குரல் வந்தது: “ஏங்க, அது பாவு மாதிரி போவுதே. நடக்கிற காலுக்கு ஊடை மாதிரி குறுக்கால இல்ல வரணும்?” எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கோடு நடக்கிற திசையிலேயே ஓடினால் கால் அதோடு சறுக்கிக்கொண்டு போகும். குறுக்கே இருந்தால்தான் பிடிக்கும். குளத்தோரம் நடக்கிறவனுக்குக் குறுக்கே என்றால், குளத்திலிருந்து வெளியே. வாட்டமும் அதே பக்கம், ஆகவே கோட்டு வழியே தண்ணீரும் இறங்கிவிடும். ஆனால் பின்வாசலிலிருந்து குளத்துக்கு வரும் நடையில் திசை மாறுகிறது; அங்கே மட்டும் கோட்டைத் திருப்பிப் போடச் சொன்னாள். எஞ்சினியர்களின் குறிப்புகளை எத்தனையோ வருஷம் டைப் அடித்த எனக்கு இது தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து மணல் வரப்புக் கட்டி, தண்ணீர் தேக்கி, பதினான்கு நாள். இப்போது வரும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு ஏழு நாள் போதாது. வரப்பு உடைந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் போய்ப் பார்ப்பது என் வேலை. பதினைந்தாம் நாள் வரப்பை எடுத்துக் கழுவிவிட்டோம். சாம்பல் நிறம், மெல்லிய கோடுகள். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பூச்சு வேலை எப்ப ஆரம்பிக்கிறீங்க?” என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு நான் திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஓடினேன், ஓடினேன் என்பது என் வயதுக்கு எவ்வளவோ அவ்வளவு. பின்வாசல் திறந்திருந்தது. தரையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தது. அதன் மேல் நல்லெண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. நடையின் நடுவில் இவள். ஒரு கை சுவரில். செருப்பில்லை. ஒரு காலை எடுத்து வைத்தாள், நின்றாள், மறு காலை வைத்தாள். நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்புவாளே என்ற பயம். சுவர் முடிகிற இடத்தில் கையை எடுத்தாள். இன்னும் நாலைந்து அடி நடந்து பவழமல்லிக் கிட்டே போய்க் காய்ந்த கிளை ஒன்றை ஒடித்துப் போட்டாள்.

பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“இங்க இருந்த துணிக்கொடியை எங்கங்க கட்டப் போறீங்க?” என்றாள்.